கிணற்றுக்குள் மழை வந்த வழி

காலி பிளாஸ்டிக் கேன் கருங்கல்லில் இடித்தால் ஒரு சத்தம் வரும். உள்ளே அடைந்து கிடக்கும் காற்று திடுக்கிட்டு எழுந்து, மறுபடி படுத்துக்கொள்கிற சத்தம். போன வாரம் தர்மபுரி பேருந்து நிலையத்துக்கு எதிரே எண்ணெய்க் கடைக்காரர் ஒருவர் காலி கேன்களை ஆட்டோவிலிருந்து தூக்கித் தூக்கிப் படியில் போட்டுக்கொண்டிருந்தார். என் பஸ் வந்தது, நின்றது, போயிற்று. நான் ஏறவில்லை. ஒவ்வொரு கேன் விழும்போதும் என் கண்ணுக்குள் ஒரு பெண் முதுகில் கேனைக் கட்டிக்கொண்டு கிணற்றுப் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். முதலில் இறங்கியவள் என் மனைவி.

அவளுக்கு முழங்கால் வலி. நாற்பத்தைந்தைத் தாண்டியதும் வந்தது, வந்தது போகவில்லை. வாசலில் கோலம் போட்டுவிட்டு எழுந்திருக்கக் கதவைப் பிடிப்பாள். சேலத்து டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "நீச்சல் அடிங்கம்மா, அதுதான் மருந்து" என்றார். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே அவள் சிரித்தாள்.

"நீச்சலாம். பொம்மிடியில எந்த ஓட்டல்லீங்க இருக்குது நீச்சல் குளம்?"

நீச்சல் குளம் இல்லை. பெரியப்பா கிணறு இருந்தது.

பெரியப்பா என்றால் அப்பாவுக்குப் பங்காளி முறையில் அண்ணன். பொம்மிடிக்குக் கிழக்கே எங்கள் ஊரில் எல்லோரும் போர் போட்டு, சொட்டுநீர்க் குழாய் இழுத்து, பழைய கிணறுகளைக் குப்பைக்கு விட்டுவிட்ட பிறகும் அவர் மட்டும் தன் கிணற்றை விடவில்லை. சதுரக் கிணறு. ஒரு பக்கம் படி. கல் இடுக்கெல்லாம் புறா. மத்தியானத்தில் வெயில் செங்குத்தாக இறங்கும்போது தண்ணீர் பச்சையும் இல்லாமல் நீலமும் இல்லாமல், அவரைப் பூவுக்கு உள்பக்கம் இருக்குமே, அப்படி ஒரு நிறத்தில் கிடக்கும். தினமும் அவர் குளிப்பது அதில்தான். கேட்டபோது, "எறங்கட்டும், தண்ணி என்ன தேஞ்சா போவுது" என்றார்.

நெஞ்சளவு தண்ணீரில், படியின் கடைசிக் கல்லில் நான் நின்றுகொண்டேன். அவள் என் உள்ளங்கை மேல் குப்புறப் படுத்தாள். இருபது வருடக் குடித்தனம் முழுக்க என் ஒரு கையில் மிதந்தது, கனமே இல்லை. தரையில் ஒவ்வோர் அடிக்கும் முகம் சுளிக்கிறவள், தண்ணீரில் காலை உதைத்து உதைத்துக் குழந்தை மாதிரிச் சத்தம் போட்டாள். ஒரு நாள் சொல்லாமல் கையை எடுத்தேன். அவளுக்குத் தெரியவில்லை. எதிர்ச் சுவர்வரை போய்ப் புறாப் பொந்தைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். நான் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினேன். அவள் முகத்தில் அப்போது வந்ததற்கு நான் இன்னும் சொல் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் என் கை அங்கே தேவைப்படவில்லை. அவளைப் பார்த்து நாலு பெண்கள் வந்தார்கள். எல்லாம் நாற்பதைத் தாண்டியவர்கள், ஒருத்திக்கு இடுப்பு, ஒருத்திக்குச் சர்க்கரை, ஒருத்திக்கு வீட்டில் இருக்கப் பிடிக்காத வியாதி. நைட்டிக்குள் சுடிதார் பேன்ட், மிதப்பதற்கு முதுகில் பழைய சேலைக் கிழிசலால் கட்டிய காலி எண்ணெய்க் கேன். பால் சொசைட்டியில் பால் அளக்கிற அக்கா மாரண்டஹள்ளிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர்; தாய்மொழி கன்னடம். ஊருக்குள் சுத்தத் தமிழில் அதட்டுகிறவர், தண்ணீர் இடுப்பைத் தொட்டதும், "பேடா, பேடா!" என்று அலறுவார். வேண்டாம், வேண்டாம் என்பாராம். மற்ற பெண்கள் அவரைத் தள்ளிவிட்டு, "வேணும், வேணும்" என்று கூத்தாடுவார்கள். சாயங்காலமானால் கிணற்றுக்குள்ளிருந்து எழும் அந்தச் சத்தம் எங்கள் வீட்டுக் கொல்லைவரை கேட்கும்.

ஒரே சங்கடம், போகிற வழி. கிணற்றுக்கு இருப்பது ஒரு வழிதான். டீக்கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். போகும்போது பரவாயில்லை. வரும்போது? நனைந்த நைட்டி உடம்போடு ஒட்டிக்கொள்ள, டீக்கடை பெஞ்சில் இருக்கிற மச்சான் கொழுந்தன் எல்லார் முன்னாலும் எப்படி வருவது? ஊருக்குப் பின்பக்கமாகப் பெரியப்பாவின் மேல்காட்டைச் சுற்றி வந்தால் ஒருத்தர் கண்ணிலும் படாமல் வரலாம். ஆனால் மேல்காட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவில் இடுப்புயர வரப்பு. முழங்கால் வலிக்காரிகள் அதை எப்படி ஏறித் தாண்டுவது? ஒரு நாள் விடிகாலையில் மண்வெட்டியோடு போய் ஐந்து பேருமாக அந்த வரப்பை வெட்டிவிட்டார்கள். ஓர் ஆள் நுழைகிற அகலம். வெட்டிய மண்ணைக் கூடையில் அள்ளி மரவள்ளிக் காட்டுக்குள் கொட்டினார்கள். பெரியப்பாவிடம் யாரும் கேட்கவில்லை. அங்கிருந்து படி வாய்வரை கால் பட்டுப் பட்டு ஒரு தடம் விழுந்தது. வாசலில் ஈரத்தோடு வந்து நின்று, "யாருமே பாக்கலீங்க" என்பாள் என் மனைவி. திருடிக்கொண்டு வந்தவள் மாதிரி இருக்கும்.

சித்திரையில் மேல்காட்டில் ஆட்டுப்பட்டி போட்டார்கள். அறுவடை முடிந்த காட்டில் ராத்திரி ஆட்டு மந்தையை அடைத்து வைத்தால் அந்தப் புழுக்கையும் மூத்திரமும்தான் அடுத்த வெள்ளாமைக்கு உரம். வருடா வருடம் நடப்பது. அந்த வாரமே கோடை மழையும் அடித்தது. மழை விட்ட மறுநாள் பெண்கள் ஆசையாகப் போய் இறங்கினார்கள். தண்ணீர் மேலே ஏறியிருக்கும், சில்லென்று இருக்கும்.

மூன்றாம் நாள் என் மனைவிக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. பால் சொசைட்டி அக்காவுக்கும். இன்னொருத்திக்குக் காதில் சீழ். பெரியப்பாவுக்கே கண் சிவந்து வீங்கிவிட்டது. அவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அம்பது வருசமா குளிக்கிறன். ஒரு சொறி வந்ததில்ல. பொம்பளைங்க எறங்குன நாள்லருந்துதான் தண்ணி கெட்டுப்போச்சு. நாள் கெழம பாக்காம எறங்குனா கெணறு தாங்குமா?"

கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். அன்று சாயங்காலமே வேலிமுள்ளை வெட்டிப் படி வாயில் போட்டு அடைத்துவிட்டார்.

என் மனைவி கட்டிலில் உப்புச் சர்க்கரைத் தண்ணீர் குடித்துக்கொண்டு கிடந்தாள். உடம்பு தேறி எழுந்தபோது மறுபடி கதவைப் பிடித்தாள். கேன் கொல்லையில் கவிழ்ந்து கிடந்தது. நான் வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தேன். எனக்குச் சும்மா உட்கார வராது. அந்த நாட்களில் நிற்கவும் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மாரியம்மன் பண்டிகைக்கு என் தங்கை வந்தாள். அவளுக்குக் கடற்கரை ஊர் ஒன்றில் ஆய்வுக்கூட வேலை. ஜனங்கள் கடலில் குளிக்கிற இடங்களில் முழங்கால்வரை இறங்கி, தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய், அதில் மலத்தோடு வருகிற கிருமிகள் எவ்வளவு இருக்கின்றன என்று பார்ப்பது. அண்ணி சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, பையிலிருந்து சின்னச் சின்னப் பாட்டில்களை எடுத்தாள். உள்ளே மருந்தில் தோய்த்துக் காய வைத்த காகிதத் துண்டு இருந்தது.

"இதுல தண்ணி புடிச்சு வெதுவெதுப்பா வெச்சா போதும் அண்ணி. குடல்ல இருக்கற கிருமி கலந்திருந்தா கறுத்துரும். குடிக்கிற தண்ணிக்குன்னு வெச்ச பாட்டில்தான், குளிக்கிற தண்ணிக்குக் கணக்கு வேற. இருந்தாலும் ஒரு வழி காட்டும்."

முள்ளைக் குச்சியால் விலக்கிக்கொண்டு நானும் தங்கையும் இறங்கினோம். படியோரத்தில் ஒரு பாட்டில் பிடித்தாள். எதிர்ச் சுவரில் ஊற்றுக்கண் கசிகிற இடத்துக்கு நான் நீந்திப் போய் இன்னொன்றைப் பிடித்து வந்தேன். இரண்டையும் துண்டில் சுற்றி பிரிட்ஜ் மேல் வைத்தோம். அங்கே எப்போதும் ஒரு சூடு இருக்கும். எங்கள் வீட்டில் தயிர் உறைவதும் அங்கேதான்.

அன்று சாயங்காலம் கொல்லையில் உட்கார்ந்து என் மனைவியும் தங்கையும் முருங்கைக் கீரை உருவினார்கள்.

"ஏம் பாப்பா, கடல்லயுமா இருக்குது? அத்தன உப்புலயுமா?" என் மனைவிக்கு நம்ப முடியவில்லை.

"உப்பு கொல்லும், வெயிலும் கொல்லும் அண்ணி. கொல்றதுக்குள்ள புதுசு வந்துருதே. மழத்தண்ணிக் கால்வான்னு பேரு இருக்கும், உள்ள ஓடறது கக்கூஸ் தண்ணியா இருக்கும். செப்டிக் டேங்க் லாரிக்காரன் தூரமா போவச் சோம்பல்பட்டு ஓடையிலயே தொறந்து உட்ருவான். அப்புறம் படகு, கரையில சுத்தற மாடு, நாயி. கடல்காக்கா ஒரு கூட்டம் வந்து ஒக்காந்துட்டுப் போனாலே போதும். பண்டிகை நாள்ல குளிக்க வர்ற சனமும் சேத்தி."

"அப்ப எது எதுலருந்து வந்துச்சின்னு எப்படித்தான் கண்டுபுடிப்பீங்க?"

"அதான் பெரிய வேல. மொதல்ல எல்லாரும் யாரச் சொல்லுவாங்க தெரியுமா? கரையில குடிச போட்டு இருக்கறவங்கள. எப்பவும் அவங்களத்தான். நான் அந்தப் பேச்சுக்கே போவ மாட்டன். மழ பேயறப்ப கரையோரமா நடப்பன். தண்ணி எந்த வழியா வந்து சேருதுன்னு கண்ணால பாக்காம யாரையும் ஒண்ணும் சொல்லக் கூடாது."

என் மனைவி கீரை உருவுவதை நிறுத்திவிட்டு அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு காம்புகளைக் கூட்டி ஆட்டுக்கென்று ஓரமாக வைத்தாள்.

மறுநாள் படிப் பாட்டில் கரிக்கட்டையாக இருந்தது. ஊற்றுப் பாட்டில் வைத்தபடியே, வெளிறிய தேன் நிறத்தில். பெரியப்பா இரண்டையும் வாங்கி, கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"அதானே சொல்றன். பொம்பளைங்க எறங்கற பக்கந்தான் கறுத்திருக்குது."

"பெரியப்பா, நீங்களும் அந்தப் படியிலதான எறங்கறீங்க?" என்றாள் தங்கை.

"நான் சோப்பு போட்டுக் குளிக்கிறவன்."

"அவங்களும் சோப்பு போடறாங்க. இதுல ஆம்பள பொம்பளைன்னுல்லாம் தெரியாது பெரியப்பா. மனுசனா மாடான்னுகூடத் தெரியாது. ஆனா ஊத்து சுத்தமா இருக்குது பாருங்க. உங்க கெணத்துமேல தப்பில்ல. மேல இருந்து ஏதோ எறங்குது. மறுபடி மழ வரட்டும்."

கிணற்றின்மேல் தப்பில்லை என்றதும் அவர் முகம் கொஞ்சம் இளகியது. முள்ளை மட்டும் எடுக்கவில்லை.

மழை இரண்டு நாள் கழித்து மத்தியானத்தில் வந்தது. சேர்வராயன் மலைப்பக்கம் கறுத்து, காற்று திரும்பி, புழுதி வாசம் மூக்கில் ஏறுவதற்குள் தங்கை குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். நானும் என் மனைவியும் ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினோம். அவள் கால் வலியோடு ஓடினாள். நான் பிடிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள்.

மேல்காட்டில் தண்ணீர் முதலில் நின்றது. பிறகு நகர்ந்தது. பட்டி போட்ட இடமெல்லாம் ஊறிய புழுக்கையைச் சுமந்துகொண்டு வரப்போரமாகக் கூடியது. வரப்பு இடுப்புயரத்துக்கு அதைத் தடுத்தது. காலம்காலமாகத் தடுத்துக்கொண்டிருந்த வரப்பு. தண்ணீர் அதை முட்டிப் பார்த்து, பக்கவாட்டில் திரும்பி, தடவித் தடவிப் போய் அந்த வெட்டைக் கண்டுபிடித்தது. அப்புறம் அதற்கு அவசரம் வந்துவிட்டது. ஓர் ஆள் அகலத்தில், டீத்தூள் நிறத்தில், பெண்கள் கால் பதித்துப் பதித்து ஆக்கிய தடத்தில் ஒரு வளைவுகூடப் பிசகாமல் நடந்து வந்து, படி வாயில் முள்ளுக்கு அடியில் நுழைந்து, ஒவ்வொரு படியாக இறங்கியது. புழுக்கைகள் கறுப்பு மணி மாதிரி மிதந்து போயின.

என் மனைவி சாக்கை இறக்கிவிட்டு நனைந்துகொண்டு நின்றாள்.

"நாங்க வெட்டுனதுதான் பாப்பா," என்றாள்.

"தெரியும் அண்ணி. அளவு பாத்தாலே தெரியுது. ஆடு இவ்வளவு நேரா வெட்டாது."

என் மனைவிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. எனக்கு அவள் தோளைத் தொட வேண்டும்போல இருந்தது. தொட்டேன். மழையில் நனைந்து சூடாக இருந்தது.

சாயங்காலம் பால் சொசைட்டி வாசலில் ஐந்து பேரும் கூடினார்கள். வரப்பை அடைத்தால் தண்ணீர் வராது, வழியும் இருக்காது. பட்டி இன்னும் சில நாளில் போய்விடும், ஆனால் உரம் காட்டில்தானே கிடக்கும், மழையும் வரத்தானே செய்யும்?

"அப்ப டீக்கட வழியாவா?" ஒருத்தி வாயைப் பொத்தினாள். "எங்க ஊட்டுக்காரர் அங்கதான் நாளெல்லாம் ஒக்காந்திருப்பாரு."

"ஒக்காந்திருக்கட்டும்," என்றாள் என் மனைவி. "நான் வரப்ப அடைக்கப் போறன். ஊட்டுல கதவப் புடிச்சுக்கிட்டு நிக்கறதுக்கு, தெருவுல ஈரத்தோட நடக்கறது மேல்."

பால் சொசைட்டி அக்கா அளவுக் குவளையைக் கழுவிக் கவிழ்த்தார். "நடந்துருவோம். பாக்கறவன் எத்தன நாளு பாப்பான்? நம்ம என்ன சினிமாவுலயா வர்றோம்?"

வெட்டிய மண் மரவள்ளிக் காட்டில் கரைந்து போயிருந்தது. ஏரியிலிருந்து புது மண் கொண்டுவந்து, கல் அடுக்கி, ஐந்து பேரும் மிதித்து மிதித்து வரப்பைப் பழைய உயரத்துக்கு ஏற்றினார்கள். என்னைக் கல் தூக்க மட்டும் விட்டார்கள். முடிந்ததும் சேற்றுக் காலோடு என் மனைவி நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போனாள்.

"மாமா, வரப்ப வெட்டுனது நாங்கதான். அது வழியாத்தான் பட்டித் தண்ணி கெணத்துல எறங்குச்சி. இப்ப அடைச்சிட்டோம்."

பெரியப்பா அவளை, அவள் காலை, அவளுக்குப் பின்னால் நின்ற நாலு பேரை, கடைசியாக என்னைப் பார்த்தார்.

"நீங்களா வெட்டுனது? நான் காட்டுப்பன்னி தோண்டுச்சின்னு வெடிக்காரனக் கூட்டியாந்து நாலு நாளு வெடி போட்டனே!"

பால் சொசைட்டி அக்காதான் முதலில் வெடித்துச் சிரித்தார். பெரியப்பாவுக்கு மீசை துடித்தது. உள்ளே போய் அரிவாளும் கவைக்கம்பும் எடுத்து வந்து கிணற்றுப் பக்கம் நடந்தார். முள் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் முழுக்கத் தென்னைக்கு இறைத்தார். அடியில் கிடந்த சகதியை நானும் அவரும் வாரினோம். ஊற்று தன் போக்கில் இரவும் பகலுமாக ஊறியது.

கிணறு நிறைந்தபின் தங்கை மறுபடி படியோரத் தண்ணீரைப் பிடித்து பிரிட்ஜ் மேல் வைத்தாள். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் அடியில் லேசாகப் புகை மாதிரி ஒரு கருமை.

"புறா இருக்குது இல்ல, இவ்வளவு இருக்கத்தான் செய்யும்," என்றாள். "காது மூக்கெல்லாம் ஒழுங்கா இருந்தா எறங்கலாம் அண்ணி. மழ பேஞ்சா ரெண்டு நாளு எறங்காதீங்க. வயிறு சரியில்லாதவங்க யாரும் எறங்கக் கூடாது, பெரியப்பாவும் சேத்தித்தான்."

"எனக்கு வயிறெல்லாம் இரும்பு," என்றார் பெரியப்பா.

அன்று சாயங்காலம் ஐந்து பேரும் டீக்கடை வழியாகத் திரும்பினார்கள். நான் தெருமுனையில் நின்றேன். ஈரத் தலை, நைட்டி மேல் போர்த்திய துண்டு, சொட்டுச் சொட்டாகத் தெருவில் ஒரு கோடு. பெஞ்சில் இருந்த ஆம்பிளைகள் டீ கிளாஸுக்குள் எதையோ தேடினார்கள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் மட்டும் சும்மா இருக்க மாட்டாமல், "என்னாக்கா, குத்தால சீசன் ஆரம்பிச்சாச்சா?" என்றார்.

"பின்னால உம்பொண்டாட்டி வர்றா பாரு, அவளயே கேளு," என்றாள் என் மனைவி. நடையை மாற்றவில்லை. நொண்டிக்கொண்டுதான் வந்தாள், ஆனால் மெதுவாக, தெரு முழுக்கத் தனக்கே என்பதுபோல.

இரண்டு நாள் கழித்துத் தங்கையை ரயிலேற்றப் பொம்மிடி ஸ்டேஷனுக்குப் போனோம். வண்டி நிற்பது கொஞ்ச நேரம்தான். அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். என் மனைவி புளிச்சாதப் பொட்டலத்தைக் கம்பி வழியாகக் கொடுத்தாள். கொடுத்த கையை எடுக்காமலே கேட்டாள்.

"பாப்பா, தெனம் அந்தக் கடல்ல எறங்கறியே, ஒரு நாளாச்சும் நீந்திக் குளிச்சிருக்கியா?"

தங்கை சிரித்தாள். "முட்டிவரைக்கும் போயி மொண்டுக்கிட்டு வந்துருவன். எனக்கு நீச்சல் எங்க தெரியும்? இதே கெணத்துல அண்ணன் குதிக்கும். நான் மேல நின்னு அதோட துணியப் புடிச்சிக்கிட்டிருப்பன்."

நான் சிக்னல் பக்கம் பார்த்தேன். பச்சை விழுந்துவிட்டது.

"பொங்கலுக்கு லீவு போட்டு வந்துரு," என்றாள் என் மனைவி. "நான் கத்துக் குடுக்கறன்."

"இந்த வயசுலயா? தண்ணியெல்லாம் குடிச்சிருவன் அண்ணி."

வண்டி நகர்ந்தது. என் மனைவி கம்பியைப் பிடித்தபடியே கூட நடந்தாள்.

"குடி. நாங்க அஞ்சு பேரும் குடிச்சித்தான் கத்துக்கிட்டோம்."